தேயிலைத் தோட்டத்தில் ஊழியம் செய்யப் போகிறீர்களா? ஆதாயத்துக்கு வழிவிடாமல் செய்வது எப்படி

இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கமும் சரி, பதுளைப் பக்கமும் சரி, ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பக்கம் போய் ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிக்கிற வாலிபப் பிள்ளைகள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். இது அவர்களுக்காக எழுதுவது. கத்தோலிக்கரோ மெதடிஸ்தோ பெந்தெகொஸ்தேயோ, விஷயம் ஒன்றுதான். "எனக்கு ஒன்றும் வேண்டாம், ஆண்டவருக்காகச் செய்கிறேன்" என்று மனதார நினைத்துத்தான் எல்லாரும் தொடங்குகிறார்கள், அதில் பொய் கிடையாது. ஆனால் அந்த நினைப்பை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. கையில் காசு புரளத் தொடங்கி, நாலு பேர் கும்பிடத் தொடங்கி, வெளிநாட்டிலிருந்து ஒருவர் உங்கள் பேருக்குப் பணம் அனுப்பத் தொடங்கிய பிறகு உங்கள் மனசு எப்படி இருக்கும் என்று இன்றைக்கு உங்களுக்கே தெரியாது. அதனால் ஆதாயம் எந்தெந்த வழியாக வரும் என்று யோசித்து, அந்த வழிகளை முதலிலேயே அடைத்துவிட்டு வேலையில் இறங்குங்கள்.

முதலில் என்ன வேலை செய்வது? உணவுப் பொதி கொடுப்பதுதான் எல்லாருக்கும் உடனே நினைவுக்கு வரும். கொஞ்சம் பொறுங்கள். தோட்டத்து ஆட்கள் எந்தெந்தக் காரியத்துக்கு வெளியாளுக்குக் காசு கொடுத்துக் கொண்டிருக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். அங்கேதான் உங்கள் ஊழியம் இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்குக் கணக்குப் பாடம், பதுளை ஆஸ்பத்திரிக்கோ கண்டி ஆஸ்பத்திரிக்கோ கிளினிக் போகிறவர்களுக்குத் துணை, சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்வது, அடையாள அட்டைக்கு விண்ணப்பம் எழுதுவது, எல்லாவற்றுக்கும் மேலாக ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) காசு.

ஈபிஎப் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கைமாறு கேட்காத ஊழியத்துக்கு மலையகத்தில் இதைவிடப் பெரிய வாய்ப்பு எனக்குத் தெரியவில்லை. சம்பளத்தில் தொழிலாளி 8 வீதம், தோட்டம் 12 வீதம் என்று ஆயுள் முழுக்கச் சேர்ந்த பணம் அது. பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் எடுக்கலாம். இதைத் தவிர ஈடிஎப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) தனியாக இருக்கிறது, ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர்களுக்குச் சர்வீஸ் காசும் (பணிக்கொடை) தனியாக இருக்கிறது. பணம் அவர்களுடையதுதான், ஆனால் கைக்கு வருவது சுலபமில்லை. தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் 'மாரியாயி' என்று இருக்கும், அடையாள அட்டையில் 'மாரியாய்' என்று இருக்கும், பிறப்புச் சான்றிதழில் 'மாரியம்மாள்' என்று இருக்கும். இன்னும் சிலருக்குப் பிறப்புச் சான்றிதழே இருக்காது, உத்தேச வயதுச் சான்றிதழ்தான் இருக்கும், அதில் வயது வேறாக இருக்கும். மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும், ஈபிஎப் பணத்தைக் கேட்கிற கே படிவம் நிரப்ப வேண்டும், லேபர் ஒப்பீசுக்கு நடக்க வேண்டும். முப்பது வருஷம் கொழுந்து பறித்த ஓர் அம்மாவால் இதைத் தனியாகச் செய்ய முடியாது என்று தெரிந்துதான் "நான் எடுத்துத் தருகிறேன், வந்ததும் எனக்கு ஒரு பங்கு" என்று ஆள் வந்து நிற்கிறான். அந்த ஆள் நிற்கிற இடத்தில் பங்கு கேட்காத ஒருவராக நீங்கள் போய் நின்றால் அதுவே பெரிய ஊழியம்.

ஆனால் அதே இடத்தில்தான் வழுக்கும். ஆகவே சில விஷயங்களை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். அவர்களுடைய வங்கிப் புத்தகமும் ஏடிஎம் அட்டையும் ஓர் இரவுகூட உங்களிடம் தங்கக் கூடாது, இரகசிய இலக்கம் உங்களுக்குத் தெரியவே கூடாது. மூலப் பத்திரங்களை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், போட்டோ கொப்பி போதும். படிவத்தை உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பாமல் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் அதையும் உட்கார வைத்து, ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டி நிரப்புங்கள். முக்கியமாக, பணம் வந்த பிறகு கொஞ்ச நாளைக்கு அந்த வீட்டுப் பக்கம் போகாதீர்கள். பணம் வந்த கிழமையில் போய்த் தசமபாகத்தைப் பற்றிப் பேசுவது பங்கு கேட்பதுதான், வசனத்தோடு கேட்பது மட்டும்தான் வித்தியாசம். அவர்களாகவே காணிக்கை கொடுக்க வேண்டும் என்று வந்து நின்றால், "உங்கள் கோயிலிலோ சபையிலோ உங்கள் கையாலேயே போடுங்கள், என் கையில் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது உங்கள் சொந்த வயிற்றுப்பாடு. பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் பண்ணுகிற தொழில் செய்துகொண்டுதான் பிரசங்கித்தார். சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்கு அதனால் பிழைக்கிற உரிமை உண்டு என்று எழுதியவரும் அவர்தான், அந்த உரிமையைத் தான் பயன்படுத்தவில்லை என்று எழுதியவரும் அவர்தான். ஆகவே சம்பளம் வாங்குகிற போதகரையோ குருவானவரையோ நான் குறை சொல்ல வரவில்லை. சம்பளம் வாங்கினால் அது எவ்வளவு என்று சபைக்குத் தெரிந்திருக்கட்டும், அவ்வளவுதான். சம்பளமில்லாமல் சனி ஞாயிறுகளில் செய்யப் போகிறவர் என்றால் உங்கள் தொழிலை விட்டுவிடாதீர்கள். பஸ் காசு யார் தருவது, மதியச் சாப்பாடு எங்கே, போன் ரீலோட் யார் கணக்கில் என்று முதலிலேயே பேசி எழுதி வையுங்கள். இந்தச் சின்னச் செலவுகளைப் பேசக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறவர்கள்தான் பிறகு "கைக்காசு போட்டேனே" என்று பொதுப் பணத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம், கடன் வாங்கி ஊழியம் செய்யவே வேண்டாம். கடன்காரனுக்குக் காணிக்கைத் தட்டு வேறு மாதிரித் தெரியும்.

நேரமும் காசுதான். தோட்டத்தில் இது இன்னும் உண்மை. நாட்சம்பளம் 2021இல்தான் 1,000 ரூபாய் ஆனது, அதுவும் பல வருஷம் கேட்டுக் கேட்டு. பறித்த கொழுந்தில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். அப்படிப்பட்ட ஒரு பெண்ணை வேலை நாளில் பகல் பதினொரு மணிக்குக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால், உங்கள் கூட்டத்துக்கு அவர் தன்னுடைய ஒரு நாள் பேரைக் காணிக்கையாகக் கொடுக்கிறார் என்று அர்த்தம். கொழுந்து நிறுத்து வீட்டுக்கு வந்து, தண்ணி பிடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகள் சாப்பிட்ட பிறகுதான் அவருக்கு மூச்சு விட நேரம். மே மாதத்திலிருந்து அட்டன், மஸ்கெலியா பக்கம் மழை அடிக்கும், வருஷக் கடைசியில் பதுளை, அப்புத்தளைப் பக்கம். எந்தப் பக்கம் போகிறீர்களோ அதற்கேற்ப நாளைப் போடுங்கள். அவர்கள் உங்களுக்காகக் காத்திருக்கும்படி வைக்காமல் நீங்கள் போய் அவர்களுக்காகக் காத்திருங்கள்.

இனிப் பணக் கணக்கு. இதில் வெட்கமே வேண்டாம். எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோக பவுல் தன்னோடு வேறு ஆட்களையும் சேர்த்து அனுப்பினார், யாரும் குற்றம் சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று அதற்குக் காரணமும் எழுதினார். பவுலுக்கே சாட்சிகள் தேவைப்பட்டார்கள் என்றால் நாம் எம்மாத்திரம்? பணத்தை எண்ணும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும், அந்த இரண்டு பேரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. வங்கிக் கணக்கு சபையின் பேரில், இரண்டு கையெழுத்தோடு. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தக்காரர்கள் "உன் அக்கவுண்ட் நம்பரை அனுப்பு, சுலபமாக இருக்கும்" என்பார்கள். சுலபம்தான். ஆனாலும் உங்கள் சொந்தக் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட வரவிடாதீர்கள், வருஷக் கடைசியில் எது உங்கள் காசு, எது பிள்ளைகளின் காசு என்று உங்களுக்கே பிரிக்க முடியாமல் போகும். புத்தகப் பைக்காக 50,000 ரூபாய் வந்து 46,500 செலவானால் மீதி 3,500 இருக்கிறது என்று அனுப்பியவருக்குச் சொல்லி, என்ன செய்யட்டும் என்று கேளுங்கள். அடுத்த செலவுக்கு ஆகும் என்று பேசாமல் வைத்துக்கொள்ளாதீர்கள். சாமான்களை உங்கள் மச்சான் கடையில் வாங்காதீர்கள், அங்கேதான் மலிவு என்றாலும் வேண்டாம். மொத்தமாக வாங்கும்போது கடைக்காரர் "இது உங்களுக்கு" என்று ஒரு மூட்டை அரிசியை ஒதுக்கித் தருவார், அதையும் பட்டியலில் எழுதி மற்ற மூட்டைகளோடு ஏற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் தமிழில், யாரும் வாசிக்கிற எழுத்தில் எழுதி, மாதம் ஒருமுறை பிரதி எடுத்துச் சபைச் சுவரிலும் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்துச் சுவரிலும் ஒட்டுங்கள். சபைச் சுவரில் மட்டும் ஒட்டினால் போதாது. யார் பேரைச் சொல்லிப் பணம் வந்ததோ அவர்கள் கண்ணில் பட வேண்டும்.

வாங்குகிறவர்கள் திருப்பித் தருகிற அன்பளிப்பை என்ன செய்வது? இங்கே ரொம்பக் கறாராகவும் இருக்கக் கூடாது. "ஏன் தம்பி, ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காம போறீங்க?" என்று ஓர் அம்மா கேட்கும்போது "நான் எதுவும் வாங்குவதில்லை" என்று சொல்வது அந்த அம்மாவை வாசலில் வைத்து அவமானப்படுத்துவதற்குச் சமம். குடியுங்கள். ரொட்டியும் சம்பலும் வைத்தால் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அவர்கள் சாப்பிடுகிற அளவு சாப்பிடுங்கள். சீனி போட்ட டீயும் பிஸ்கட்டும் வாங்கக் கடைக்குப் பிள்ளையை அனுப்பினால் மட்டும் தடுத்துவிடுங்கள், அது கடன் கொப்பியில் ஏறும். தோட்டத்துப் போஞ்சியை ஒரு கை அள்ளிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, போகிற வழியில் தனியாக இருக்கிற முதியவர் வீட்டில் கொடுத்துவிடலாம். ஆனால் காசு, கவர், புடவை, சேலைத் துண்டில் முடிந்து கொடுக்கிற நூறு ரூபாய், எதையும் வாங்காதீர்கள். எலிசா தீர்க்கதரிசியின் வேலைக்காரன் கேயாசியின் கதை எல்லாருக்கும் தெரியும், ஆனால் அதில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். நாகமான் குஷ்டத்திலிருந்து குணமானதும் எலிசா ஒன்றும் வாங்கவில்லை. பின்னாலேயே ஓடிப்போன கேயாசி "எனக்குத் தா" என்று கேட்கவில்லை, தன் எஜமான் அனுப்பியதாகச் சொல்லி, தீர்க்கதரிசிகளின் புத்திரரில் வாலிபர் இரண்டு பேருக்கு வேண்டும் என்றுதான் வெள்ளியும் மாற்றுவஸ்திரமும் வாங்கினான். மற்றவர் பேரிலும் எஜமானின் பேரிலும் கேட்கிற எதுவும் கேட்கிறவனுக்கு அநியாயமாகத் தோன்றாது. ஆகவே "பிள்ளைகளுக்காகத்தானே" என்று உங்கள் வாயிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்று யோசியுங்கள்.

படம் எடுப்பதைப் பற்றி. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எத்தனை இடத்தில் மலை இறங்கியது. இப்படியான நேரத்தில் உதவிக்கு ஓடுவது நல்லதுதான். ஆனால் வீட்டையும் பிள்ளையையும் பறிகொடுத்துவிட்டு முகாமில் உட்கார்ந்திருக்கிற மனுஷியின் கையில் ஒரு பையைக் கொடுத்து, "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்கம்மா" என்று சொல்லிப் படம் பிடிப்பது அந்தப் பைக்கு அவரிடம் விலை வாங்குவது. வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்று ஆண்டவர் சொன்ன பிறகு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கொடுத்தவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்றால் சாமான் அடுக்கி வைத்ததைப் படம் எடுங்கள், ரசீதைப் படம் எடுங்கள், லொறியில் ஏற்றுவதை எடுங்கள். முகம் வேண்டாம், பிள்ளைகள் முகம் வேண்டவே வேண்டாம். முகம் வேண்டும் என்று அனுப்பியவர் அடம் பிடித்தால் அந்தப் பணம் இல்லாமல் சமாளியுங்கள். வரிசையில் நிற்க வைக்காமல், தோட்டத்து ஆட்களே எழுதித் தந்த பட்டியலை வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். போகுமுன் என்ன தேவை என்று கேட்டுவிடுங்கள். எல்லாரும் அரிசியும் பருப்பும் கொண்டுவந்து குவித்திருப்பார்கள், ஆனால் உள்ளாடை, மாதவிடாய்த் துணி, பள்ளிச் சப்பாத்து, மண்ணுக்குள் போன அடையாள அட்டைக்குப் புது விண்ணப்பம், இதையெல்லாம் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

இப்போது கஷ்டமான விஷயம். நம்முடைய ஆதாயம் எப்போதும் காசாக வருவதில்லை, தலை எண்ணிக்கையாகவும் வரும். தோட்டத்தில் அதிகம் பேர் இந்துக்கள், மாரியம்மன் கோயில் அவர்களுடைய உயிர். உதவியைக் கையில் வைத்துக்கொண்டு சபைக்குக் கூப்பிட்டால் வருவார்கள். தேவை அப்படி. அதைச் சுவிசேஷம் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். கண்டியில் 1697இல் பெரியம்மை வந்தபோது, நோயாளிகளைச் சொந்த சனமே கைவிட்டுப் போன நேரத்தில், யோசேப் வாஸ் அடிகளும் அவரோடிருந்த கர்வாலியோ அடிகளும் அவர்களைத் தேடிப் போய்க் குடிசை போட்டுக் கொடுத்துக் கழுவித் துடைத்துப் பார்த்தார்கள், எந்த மதம் என்று கேட்கவில்லை. அதே வாஸ் அடிகளைத்தான் சில வருஷத்துக்கு முன் போர்த்துக்கேயரின் உளவாளி என்று சந்தேகித்துக் கண்டியில் சிறை வைத்திருந்தார்கள். 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தது எல்லாருக்கும் தெரியும். மலையிறங்கி மொனராகலை மாவட்டத்துப் புத்தளைக்குப் போனால் மைக்கல் ரொட்ரிகோ அடிகள். 1980இலிருந்து ஏழைப் பௌத்தக் கிராமத்தவரோடு எளிய வீட்டில் வாழ்ந்தார், யாரையும் மதம் மாற்ற அவர் அங்கே போகவில்லை, 1987 நவம்பர் 10ஆம் திகதி பூசை செய்துகொண்டிருக்கும்போது சுட்டுக் கொன்றார்கள். இந்த இரண்டு பேரும் எண்ணிக்கை காட்டுவதற்காக யாருக்கும் எதுவும் செய்யவில்லை.

நடைமுறையில் என்ன செய்யலாம்? கொடுக்கிற இடத்தில் ஜெபக் கூட்டம் வைக்காதீர்கள். தனிப்பட்ட ஒருவருக்காக ஜெபிக்க விரும்பினால் "ஜெபிக்கலாமா?" என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் அதே சிரிப்போடு அடுத்த வேலையைப் பாருங்கள். இலவச வகுப்புக்கு வருகிற பிள்ளை ஞாயிறு பாடசாலைக்கும் வர வேண்டும் என்ற நிபந்தனை வேண்டாம், வாயால் சொல்லாத நிபந்தனையும் வேண்டாம். யார் சபைக்கு வருகிறவர், யார் வராதவர் என்று தெரியாத ஒருவரிடம் பட்டியலைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். உங்கள் சபையை விட்டு வேறு சபைக்குப் போன குடும்பத்துக்கு முன்பு போன அதே பை இந்த மாதமும் போகிறதா என்று பாருங்கள், உங்கள் ஊழியம் எப்படிப்பட்டது என்று அதிலேயே தெரிந்துவிடும். கிறிஸ்துவைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை, அவரை அறிவிக்க வேண்டும் என்று முழுமனதாக நம்புகிறவன்தான் நானும். யாராவது "நீங்கள் ஏன் இதெல்லாம் செய்கிறீர்கள்?" என்று கேட்டால் மனம் திறந்து சொல்லுங்கள், ஆனால் வேறொரு நாளில், கையில் பையோ படிவமோ இல்லாதபோது. "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்றவர் அதில் ஒரு நிபந்தனையும் சேர்க்கவில்லை.

தோட்டத்துக்குள் போகத் தொரையின் (தோட்ட முகாமையாளரின்) அனுமதி தேவை, வாங்கிக்கொள்ளுங்கள், கோயில் கமிட்டித் தலைவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆனால் தொரையிடமிருந்து லொறியோ பணமோ வாங்காதீர்கள். 1854இல் இந்த மலைநாட்டில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது தோட்டத்துரைமார் உபதேசிமாருக்குப் பணம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடங்கள் வந்தன, நல்லதும் நடந்தது. ஆனாலும் துரை காசில் வருகிற உபதேசியிடம் துரையைப் பற்றிய முறைப்பாட்டை ஒரு தொழிலாளி எப்படிச் சொல்லியிருப்பார்? அதே கேள்வி இன்றைக்கும் உண்டு. அரசியல்வாதி யாராவது "நானே என் கையால் கொடுக்கிறேன்" என்று வந்தால் பணிவாக மறுத்துவிடுங்கள். தேர்தல் காலத்தில் விநியோகமே வைக்காமல் தள்ளிப்போடுவது இன்னும் நல்லது.

கடைசியாக ஒன்று, இது காசைவிட மெதுவாக வரும். கொஞ்ச காலம் போனதும் "அண்ணன் இல்லாம இங்க ஒண்ணும் நடக்காது" என்று சொல்லத் தொடங்குவார்கள். கேட்க இனிமையாக இருக்கும். அந்தப் பேச்சு காதில் விழுந்த மாதத்திலேயே கைமாற்றத் தொடங்குங்கள். சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டிலிருக்கிற ஒரு பிள்ளையை, முடிந்தால் அதே லயத்துப் பெண் பிள்ளையை, பக்கத்தில் உட்கார வைத்து கே படிவம் நிரப்பப் பழக்குங்கள். பெயர் வித்தியாசத்துக்கு என்னென்ன பத்திரம் வேண்டும், ஒப்பீசில் எந்த மேசையில் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். முதல் தடவை கூடப் போங்கள், இரண்டாம் தடவை வெளியே பெஞ்சில் உட்காருங்கள், மூன்றாம் தடவை போகாதீர்கள். அந்தப் பிள்ளைக்குப் பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் பொதுக் கணக்கிலிருந்து போகட்டும், கொப்பியில் அதையும் எழுதுங்கள். கொப்பியையும் அந்தப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். அந்தப் பிள்ளை கொடுத்த படிவம் திரும்பி வந்தால் ஓடிப்போய் நீங்கள் திருத்திக் கொடுக்காதீர்கள், என்ன குறை என்று ஒப்பீசில் கேட்டு அந்தப் பிள்ளையே திருத்தட்டும். அதற்குள் பக்கத்துத் தோட்டத்தில் மேல் கணக்கிலோ கீழ் கணக்கிலோ (தோட்டத்துப் பிரிவுகள்) யாராவது படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பங்கு கேட்கிறவனுக்காகக் காத்திருப்பார்கள். நீங்கள் அங்கே போங்கள்.